பெரிய ஹாலில் ஸ்டீரியோ ஸ்பீக்கர்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

கோலாலம்பூரில் பழைய லிங்க் ஹவுஸை, அதாவது பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்கிற வரிசை வீட்டை, ரெனோவேஷன் செய்கிறவர்கள் முதலில் கைவைப்பது ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் நிற்கிற சுவரில்தான். அதை உடைத்து, முன்வாசல் கண்ணாடிக் கதவிலிருந்து பின்பக்கச் சமையலறை வரை ஒரே நீளமாகத் திறந்துவிடுகிறார்கள். காற்றோட்டம், வெளிச்சம், தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தாலும் உட்கார இடம், எல்லாம் நல்லதுதான். அப்புறம் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்கப் போகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கடையிலும் சரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சரி, கிடைக்கிற ஆலோசனை ஒன்றேதான்: “ஹால் பெருசு, வாட்ஸ் அதிகமா உள்ளதா பாத்து எடுங்க, ரெண்டு மூலையிலயும் மாட்டிடுங்க.”

இந்த ஆலோசனையின் இரண்டு பாதியும் தவறு. ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதை வாட் எண் மட்டும் சொல்லாது. மூலைகளில் மாட்டினால் சத்தம் வரும், ஸ்டீரியோ வராது. ஸ்டீரியோ ஹால் முழுக்க நிரம்பி நிற்கிற ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீங்கள் உட்காருகிற ஓர் இடத்தில் மட்டும் உருவாகிறது. அந்த இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் எந்த ஸ்பீக்கர், எவ்வளவு பெரிது, எங்கே வைப்பது என்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

காது எப்படித் திசையைக் கண்டுபிடிக்கிறது

சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால், எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று எட்டிப் பார்க்காமலே நமக்குத் தெரிகிறது. இடப்பக்கமிருந்து வந்தால் சத்தம் முதலில் இடது காதுக்கும் பிறகு வலது காதுக்கும் போகிறது. அந்தத் தாமதம் மிகவும் சிறியது, அதிகபட்சமே ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்குக்கும் குறைவு. கூடவே நம் தலை குறுக்கே நிற்பதால் மறுபக்கக் காதுக்குக் கீச்சொலி கொஞ்சம் குறைந்தே போய்ச் சேர்கிறது. மூளை இந்த இரண்டு வித்தியாசங்களையும் ஒப்பிட்டுத் திசையைச் சொல்லிவிடுகிறது.

ஸ்டீரியோ இந்தத் திறமையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. பாடகரின் குரல் இடது ஸ்பீக்கரிலும் வலது ஸ்பீக்கரிலும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்தால், மூளை அதை இரண்டு குரல்களாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்தில், காற்றில் ஒருவர் நின்று பாடுகிறார் என்று முடிவு செய்கிறது. இதை ஒலிப்பிம்பம் என்று வைத்துக்கொள்வோம். வீணையை இடப்பக்கம் சற்றுக் கூட்டி வைத்தால் வீணையின் பிம்பம் இடப்பக்கம் நகரும், தபேலாவை வலப்பக்கம் கூட்டினால் அது வலப்பக்கம் போகும். இங்கிலாந்தில் இஎம்ஐ நிறுவனத்தில் வேலை செய்த ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் 1931 இறுதியில் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942இல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்ததோ 1950களின் பிற்பகுதியில். தான் வகுத்த முறை வீட்டு வீட்டுக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் பிம்பம் நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் உங்களிடம் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் போவது சுமார் 34 சென்டிமீட்டர். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 2.4 மீட்டர், உங்களுக்கும் அதே தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபாவில் அரை மீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால், இடது ஸ்பீக்கரின் ஒலி வலதை விட ஏறக்குறைய ஒன்றரை மில்லி விநாடி முந்திவிடுகிறது. அவ்வளவு போதும், குரல் நடுவை விட்டுவிட்டு இடது ஸ்பீக்கர் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை நம்புகிறது, அதன் இயல்பு அது.

சுருக்கமாக: ஸ்டீரியோவின் நடுக்குரல் மூளை கட்டி எழுப்புகிற ஒன்று. இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் சம தூரத்தில் இருக்கிறவருக்குத்தான் அது முழுமையாகக் கிடைக்கும்.

திறந்த ஹால் ஏன் வேறு மாதிரி

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஏர்கோன் ஒன்றே போதும். படுக்கையறையில் 1 எச்பி ஏர்கோனைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் போர்வை தேட வேண்டியிருக்கிறது. அதே மெஷினை இந்தத் திறந்த ஹாலில் மாட்டினால், குளிர் சமையலறைக்குப் போகும், மாடிப்படி வழியாக மற்ற இடங்களுக்குப் பரவும், உங்களுக்கு மிஞ்சுவது மெஷினுக்கு நேர்கீழே உட்கார்ந்தால் மட்டும்தான். மெஷின் கெட்டுப்போகவில்லை, அது நிரப்ப வேண்டிய இடம் பெரிதாகிவிட்டது.

தாழ்ந்த ஒலிக்கு, அதாவது நாம் பேஸ் என்று சொல்கிறோமே அதற்கு, இதே கதிதான். ஒலி காற்றில் அழுத்த அலையாகப் போகிறது. விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். தபேலாவின் கீச்சு ஓசையிலுள்ள 10,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான், அது ஸ்பீக்கர் பார்க்கிற பக்கம் நேராக வந்துவிடும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி தருகிற 40 ஹெர்ட்ஸ் அலைக்கோ நீளம் எட்டரை மீட்டர்! அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, எல்லாத் திசையிலும் பரவுகிறது. சின்ன அறையில் நான்கு சுவரும் சாத்திய கதவும் அந்த அழுத்தத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் சின்ன ஸ்பீக்கரிலேயே பேஸ் தாராளமாகக் கேட்கும். திறந்த ஹாலில் பிடித்து வைக்க எதுவுமில்லை. கடையில் தடித்த கம்பளம் போட்ட சின்ன அறையில் “என்னமா அடிக்குது” என்று வாங்கி வந்த பெட்டி, வீட்டில் சொத்தென்று கேட்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

சத்தத்துக்கும் தூரத்துக்கும் உள்ள கணக்கு இது. ஒலியின் அளவு டெசிபெல். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும், ஆனால் அதற்கு ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை இயக்குகிற ஆம்ப்ளிஃபையர், பத்து மடங்கு வாட் தர வேண்டும். 3 டெசிபெல் கூட்டவே வாட் இரண்டு மடங்காக வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும், வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் குறைவு அதைவிடச் சிறியது. ஆகவே ஐந்து மீட்டரில் இருக்கும் சோபாவை இரண்டரை மீட்டருக்குக் கொண்டுவருவது, ஆம்ப்பை இரண்டு மடங்கு பெரிதாக வாங்குவதற்குச் சமமான லாபம், அதுவும் ஒரு ரிங்கிட் செலவில்லாமல்.

டைல்ஸ் தரையும் கண்ணாடிக் கதவும்

நம் வீடுகளில் தரை பளிங்கு அல்லது டைல்ஸ், சுவர் சுண்ணாம்பு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் ஊருக்கு வசதியான பொருள்கள், ஆனால் ஒலியை உறிஞ்சுவதில் எல்லாமே பூஜ்ஜியத்துக்குப் பக்கம். ஹால் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டியது நின்ற பிறகும் “ட்ர்ர்ர்” என்று ஒரு நடுக்கம் காதில் விழுந்தால், எதிரெதிர் வெற்றுச் சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் மோதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஹாலில் பாட்டின் வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். சத்தத்தைக் கூட்டினால் மோதலும் சேர்ந்துதான் கூடும்.

1895 வாக்கில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு அரங்கில் பேசுவது யாருக்கும் புரியாமல் போக, வாலஸ் சபீன் என்ற இளம் பேராசிரியர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துகொண்டே போனார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து வந்த விதி இன்றும் கட்டடக்கலையில் புழங்குகிறது: உறிஞ்சும் பரப்பை இரட்டிப்பாக்கினால் ஒலி தங்கும் நேரம் பாதியாகும்.

நம் வீட்டுக்கு இதன் அர்த்தம் எளிது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் தடித்த கம்பளம், கண்ணாடிக் கதவுக்கு மடிப்பு நிறைய உள்ள கனமான திரை, எதிர்ச் சுவரில் புத்தகம் அடுக்கிய அலமாரி. இந்த மூன்றும் செய்கிற வேலையை விலை உயர்ந்த ஸ்பீக்கர் செய்யாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, வெறுந்தரையில் வைத்துக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இடம் முதலில்

செத்தாப்பாக்கில் என் அக்காள் வீடு இப்படிப்பட்ட ஒன்றுதான். டிவி சுவரிலிருந்து சோபா மூன்றரை மீட்டர், சோபா எதிர்ச் சுவரோடு ஒட்டியிருந்தது. ரெனோவேஷன் செய்தவர்கள் இரண்டு ஸ்பீக்கர்களையும் கூரைக்குக் கீழே, ஒன்றை முன்வாசல் கண்ணாடிப் பக்கமும் மற்றதைச் சாப்பாட்டு மேசைப் பக்கமும், ஆறு மீட்டர் இடைவெளியில் மாட்டியிருந்தார்கள். சோபாவிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 80 பாகைக் கோணம். ஸ்டீரியோவுக்கு நல்ல கோணம் 60 பாகை. அதைவிட மிகவும் அகன்றால் நடுவில் ஓட்டை விழும், குரல் உறுதியாக நிற்காது. போதாததற்கு ஒலி தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

ஸ்பீக்கர்களை இறக்கி, ஸ்டாண்டில் டிவியின் இருபுறமும் 2.4 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினோம். சோபாவைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இரண்டரை மீட்டர் தூரத்தில் போட்டோம். மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமான முக்கோணம் கிடைத்துவிட்டது, சோபாவுக்குப் பின்னால் நடக்க வழியும் கிடைத்தது. பழைய பாட்டு ஒன்றைப் போட்டதும் அக்காள் டிவியைக் கை காட்டி, “டிவிக்குள்ள இருந்தா பாடுறாங்க?” என்று கேட்டார். டிவி அணைந்துதான் இருந்தது.

உயரம்: ஸ்பீக்கரில் சின்னதாக இருக்கும் வட்டத்துக்கு ட்வீட்டர் என்று பெயர், கீச்சொலி அதிலிருந்துதான் வருகிறது. உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது எந்த உயரமோ, தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர் என்று வையுங்கள், ட்வீட்டரும் அதே உயரத்தில் இருக்கட்டும். டிவி கேபினட்டின் அறைக்குள் செருகி வைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் முன்விளிம்போடு ஒட்டி வையுங்கள், உள்ளே தள்ளினால் மரப்பலகையில் ஒலி மோதிப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கிற பின்சுவர்தான் இந்த வகை ஹாலில் நமக்குக் கிடைத்த நண்பன். சுவரை நெருங்க நெருங்கப் பேஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும். அறையில் இது தொந்தரவாகலாம். திறந்த ஹாலில் ஓடிப்போகிற பேஸில் ஒரு பங்கைச் சுவர் திருப்பித் தருகிறது. சுவரிலிருந்து ஒரு முழ தூரத்தில் ஆரம்பித்து, ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று நகர்த்திப் பேஸ் நிறைவாகவும் குரல் தெளிவாகவும் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

பக்கச் சுவர்தான் சிக்கல். ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கண்ணாடி, மற்றதற்குப் பக்கத்தில் வெட்டவெளி என்றால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. கண்ணாடிப் பக்கம் பேஸும் பிரதிபலிப்பும் கூடி, பிம்பம் அந்தப் பக்கம் சாயும். முடிந்தால் மொத்த அமைப்பையும், டிவியோடு சேர்த்தே, கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள். திரையை மூடிக் கேளுங்கள். மிச்சமுள்ள சாய்வை ஆம்ப்பில் உள்ள பேலன்ஸ் குமிழ் பார்த்துக்கொள்ளும், அது அதற்காகத்தான் இருக்கிறது, தொடத் தயங்க வேண்டாம்.

ஸ்பீக்கர்களை உங்கள் பக்கம் உள்நோக்கித் திருப்புங்கள். ஒருவர் மட்டும் கேட்பதென்றால் தோள்களை நோக்கித் திருப்பினால் போதும். குடும்பமே சோபாவில் உட்காருமானால் இன்னும் அதிகமாக, இரண்டும் பார்க்கிற கோடுகள் உங்களுக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு இடது ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் அதன் முகம் அவரை விட்டு விலகிவிடுகிறது, தூரத்து வலது ஸ்பீக்கர் அவரை நேராகப் பார்க்கிறது. முந்தி வரும் ஒலி சற்றுத் தணிந்தும் பிந்தி வரும் ஒலி சற்று ஓங்கியும் கேட்பதால், குரல் ஓரளவு நடுவிலேயே தங்கும்.

சுருக்கமாக: உட்காரும் இடத்தைச் சுற்றிச் சின்ன முக்கோணம், காது உயரம், பின்சுவர் பக்கம், கண்ணாடியிலிருந்து விலகல். ஹாலின் மீதிப் பகுதியை மறந்துவிடுங்கள்.

இப்போது எதை வாங்குவது

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற வாட் எண் அந்த ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் காட்டுகிற எண்ணுக்கோ எந்தப் பொது அளவுகோலும் இல்லை, அதைப் பார்க்கவே வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது உணர்திறன்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் எத்தனை டெசிபெல் வருகிறது என்ற எண். சின்ன அலமாரி ஸ்பீக்கர்களில் 84, 85 இருக்கும், பெரியவற்றில் 90ஐயும் தாண்டலாம். 85க்கும் 90க்கும் உள்ள 5 டெசிபெல் வித்தியாசத்தை ஆம்ப்பால் ஈடுகட்ட மூன்று மடங்கு வாட் வேண்டும். திறந்த ஹாலுக்கு 88க்கு மேல் இருப்பதைத் தேடுங்கள் என்பேன்.

அடுத்து வூஃபர், அதாவது பேஸ் தருகிற பெரிய வட்டம். நாலு அங்குல வூஃபர் இந்த இடத்துக்குப் போதாது. ஆறரை அங்குலம் குறைந்தபட்சம். தரையில் நிற்கிற உயரமான வகையில் இரண்டு வூஃபர் இருந்தால் நல்லது. அலமாரி ஸ்பீக்கர்தான் பிடித்திருக்கிறது என்றால் ஒரு சப்வூஃபர் சேர்த்துக்கொள்ளலாம், பேஸுக்கு மட்டுமான தனிப்பெட்டி அது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்குத் திசை சரியாகத் தெரியாததால் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிறார்கள், ஆனால் இடத்துக்கு இடம் பேஸின் அளவு மிகவும் மாறும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரைச் சோபாவில் நீங்கள் உட்காருகிற இடத்திலேயே வைத்துப் பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, அதை வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் தரையோடு குனிந்து கேட்டுக்கொண்டே போங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். வேடிக்கையாக இருந்தாலும் இயற்பியல்படி சரியான முறை, இரண்டு இடங்களுக்கு இடையே ஒலி எந்தத் திசையில் போனாலும் ஒரே மாதிரிதான் போகிறது.

ட்வீட்டரைச் சுற்றி ஆழமான குழிவோ கூம்போ உள்ள ஸ்பீக்கர்கள் கீச்சொலியைக் கண்டபடி சிதறவிடாமல் முன்பக்கமாக அனுப்பும். எதிரொலிக்கிற டைல்ஸ் ஹாலுக்கு அவை பொருத்தம். சவுண்ட்பார் வசதியான பொருள்தான், டிவி வசனத்துக்குப் போதும். ஆனால் ஒரு மீட்டர் நீளப் பட்டையை நாலு மீட்டரிலிருந்து பார்த்தால் கோணம் 14 பாகைதான், அதில் ஸ்டீரியோ விரிவுக்கு இடமில்லை.

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் போன்ற இடங்களில் பழைய ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் வூஃபரின் ஓரத்தில் உள்ள வளையத்தை நன்றாகப் பார்க்கவும். ஃபோம் வளையம் நம் ஊர் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். ரப்பர் வளையம் நீண்ட நாள் நிற்கும்.

வயர், அப்புறம் ஒரு சோதனை

பத்து மீட்டர் வரைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டிய அவசியமில்லை, மின்சாரத்தின் வேகத்தில் சில மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. கவனிக்க வேண்டியது சிவப்பும் கறுப்பும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றி மாட்டிவிட்டால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஸ்பீக்கர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன் இதை ஒரு முறை பாருங்கள்.

சோதனைக்கு மின்னல் எஃப்எம்மில் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்று வந்தால் போதும். அவை பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி. சோபா நடுவில் உட்கார்ந்தால் பாட்டு முழுக்க நடுவில், ஒரு ஆள் அகலத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தையும் பேலன்ஸையும் பாருங்கள், பரந்து கலைந்தால் வயரைப் பாருங்கள்.

விருந்தாளிகள் வரும் நாளில்

திறந்த இல்ல உபசரிப்பு அன்று யாரும் முக்கோணத்தின் முனையில் உட்காரப் போவதில்லை. அன்றைக்குத் தேவை வேறு, ஹால் முழுக்கச் சீரான, பேச்சைத் தடுக்காத பாட்டு. டிவி பக்க ஸ்பீக்கர்களை அலறவிடாமல், சாப்பாட்டு மேசைப் பக்கம் இன்னும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை அதே ஆம்ப்பின் ‘பி’ என்ற இரண்டாவது ஜோடி இணைப்பில் மாட்டி (நான்கையும் சேர்த்து இயக்கத் தகுந்த ஓம் அளவை, அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவை, ஆம்ப் கையேட்டில் பார்த்துக்கொண்டு), மோனோ பொத்தான் இருந்தால் அழுத்தி, எல்லாவற்றையும் தணிவாக ஓடவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரை இடையில் கலக்க வேண்டாம், அதன் ஒலி காதுக்குத் தெரியும் அளவு தாமதமாக வந்து ஹாலையே குழப்பிவிடும்.

லிங்க் ஹவுஸில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டிவி சுவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச்சுவர், பேஸுக்கு அந்தச் செங்கல் ஒரு தடையே இல்லை. சப்வூஃபரை அந்தச் சுவரோடு ஒட்டாமல், அடியில் தடித்த ரப்பர் பாதம் போட்டு, சோபா பக்கமாக வைத்துக்கொண்டால் குறைந்த சத்தத்திலேயே உங்களுக்குப் பேஸ் கிடைத்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை மட்டும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், குரலும் வீணையும் இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.